கென்டக்கிக்குப் போன கேப்டன்: எல்லைப்புறப் போர்வீரரின் வம்சத் தடம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"எங்க மாப்பிள்ளையோட பாட்டன் பூட்டன் யாரோ அமெரிக்கப் புரட்சிப் போர்ல சண்டை போட்டவராம். வர்ஜீனியாவுல இருந்து கென்டக்கிக்குப் போனாராம். பேத்திக்கு ஸ்கூல்ல குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்காங்க. எங்க தேடுறது?"

இந்த ஒரே கேள்வி பல வடிவில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தையே முழுக்கப் பிடித்துக்கொள்கிறேன். 1786இல் கென்டக்கியில் கொல்லப்பட்ட கேப்டன் ஆபிரகாம் லிங்கனின் குடும்பம் அது. ஜனாதிபதி லிங்கனின் தாத்தா. பேரும் தாத்தா பேர்தான். இவர் ஆவணங்கள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் அத்தனையும் இந்த ஒரு குடும்பத்திலேயே இருக்கின்றன.

எல்லைப்புறப் போர்வீரர் என்றால் யார்? சீருடை போட்ட சிப்பாயா?

பெரும்பாலும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் கான்டினென்டல் படையில் வருடக்கணக்காக இருந்தவர்கள் ஒரு வகை. அப்பலாச்சியன் மலையோரத்தில் இருந்தவர்கள் அநேகமாக மிலிஷியாக்காரர்கள். விவசாயிகள்தான். கூப்பிட்டால் சொந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் போவார்கள், அறுவடைக்குத் திரும்பிவிடுவார்கள்.

கேப்டன் லிங்கன் அப்படிப்பட்டவர். 1744இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பிறந்தார். அப்பா ஜான் 1768இல் குடும்பத்தோடு வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்கு வந்தார். ஆபிரகாம் அகஸ்டா கவுண்டி மிலிஷியாவில் கேப்டன் ஆனார். 1778இல் அந்தக் கவுண்டியைப் பிரித்து ராக்கிங்ஹாம் கவுண்டி உண்டாக்கினார்கள். ஆள் அதே ஆள், வீடு அதே வீடு. ஆனால் 1778க்கு முந்தைய காகிதம் ஒரு கவுண்டியில், பிந்தையது இன்னொன்றில். நம் ஊரில் பழைய தென்னாற்காடு பத்திரத்தை விழுப்புரத்தில் தேடி அலைந்தவர்களுக்கு இது விளங்கும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நேராகப் போர்வீரர் பட்டியலைப் பார்க்கலாமா?

கூடாது. பட்டியலில் அந்தப் பெயரில் பத்து பேர் கிடைப்பார்கள், பிடித்த ஒருவரை நாமே தாத்தா ஆக்கிவிடுவோம். உயிரோடு இருப்பவர்களிடம் ஆரம்பித்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும்.

சென்சஸ்தான் ஏணி. 1850 முதல் வீட்டில் உள்ள சுதந்திரமான ஒவ்வொருவர் பெயரும் பிறந்த மாநிலமும் இருக்கும். 1880இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதோடு அப்பா அம்மா பிறந்த மாநிலமும் வரும். 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. 1890 சென்சஸ் 1921இல் நடந்த தீ விபத்தோடு அநேகமாக அழிந்தது. 1790, 1800 ஆகிய இரண்டு கென்டக்கி சென்சஸும் கைக்குக் கிடைப்பதில்லை, வரிப் பட்டியல்களை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

1850 சென்சஸில் பிள்ளைகள் பிறந்த மாநிலங்களை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். மூத்தவன் வர்ஜீனியா, அடுத்த இருவர் கென்டக்கி, கடைக்குட்டி இந்தியானா என்றிருந்தால் அந்த வண்டி எந்த வருடம் எங்கே நின்றது என்பது அந்த ஒரு பத்தியிலேயே தெரிந்துவிடும்.

ஜனாதிபதி லிங்கனுக்கே தன் பூர்வீகம் தெரியாது என்கிறார்களே, உண்மையா?

தாத்தாவுக்கு மேலே சரியாகத் தெரியாது. 1848இல் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது, மாசசூசெட்ஸின் ஹிங்காம் ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் பூர்வீகம் கேட்டு எழுதினார். லிங்கன் தனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினார். அதே ஆண்டு வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கன் என்ற உறவினருக்கும் எழுதி விசாரித்தார். 1859இல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போது, நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தங்கள் குடும்பத்தை இணைக்கப் பார்த்ததில் ஈனோக், லீவை, மார்டெகாய், சாலமன், ஆபிரகாம் போன்ற பெயர்கள் இரு பக்கமும் இருக்கின்றன என்பதற்கு மேல் எதுவும் தேறவில்லை என்று எழுதினார்.

அவர் மறைந்த பிறகு, உயில்களையும் நிலப் பத்திரங்களையும் புரட்டியவர்கள் சங்கிலியை முடித்தார்கள். 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து வந்து ஹிங்காமில் குடியேறிய சாமுவேல் லிங்கன். அவர் மகன் மார்டெகாய். அவர் மகன் இன்னொரு மார்டெகாய், இவர்தான் நியூ ஜெர்சி போய் அங்கிருந்து பென்சில்வேனியா போனவர். அவர் மகன் ஜான். ஜானின் மகன் கேப்டன். கேப்டனின் மகன் தாமஸ். அடுத்தவர் ஜனாதிபதி. அவருக்குக் கடிதம் எழுதிய ஹிங்காம்காரர் சரியான ஊரிலிருந்துதான் எழுதியிருக்கிறார். லிங்கன் கையில் இருந்ததோ பெயர்கள் மட்டும். நடுவில் இரண்டு காலனிகளைத் தாண்டியதற்கான காகிதம் அவரிடம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாத்தா கென்டக்கிக்கு வந்து ஓரிரு வருடத்தில் கொல்லப்பட்டார் என்று 1859 குறிப்பில் எழுதியிருக்கிறார். வந்தது 1781 அல்லது 82, கொல்லப்பட்டது 1786. அப்பா வாயால் கேட்ட கதையில் நாலைந்து வருடம் சுருங்கிவிட்டது. வீட்டுக் கதையில் சம்பவத்தை நம்பலாம், ஆண்டைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

அந்தச் சம்பவம்தான் என்ன?

ஜெஃபர்சன் கவுண்டி, இன்றைய லூயிவில்லுக்குக் கிழக்கே சுமார் இருபது மைல். 1786 மே மாதம். கேப்டன் மூன்று மகன்களோடு வயலில் வேலையாக இருக்கும்போது காட்டுக்குள்ளிருந்து குண்டு பாய்ந்தது. மூத்தவன் மார்டெகாய் துப்பாக்கி எடுக்கக் குடிசைக்கு ஓடினான். அடுத்தவன் ஜோசையா உதவிக்கு ஆள் கூப்பிடப் பக்கத்துக் காப்பரணுக்கு ஓடினான். எட்டு வயது தாமஸ் அப்பாவின் உடலருகே நின்றுவிட்டான். சிறுவனை நெருங்கிய பூர்வகுடி வீரரை மார்டெகாய் குடிசையிலிருந்து சுட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வம்சாவளி தேடுபவருக்கு முக்கியம். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே என்ற பழைய சட்டம் 1787 தொடக்கத்தில்தான் ஒழிந்தது. சில மாத வித்தியாசத்தில் நிலம் முழுக்க மார்டெகாய்க்குப் போய்விட்டது. தாமஸ் கூலி வேலைக்கு ஊர் ஊராக அலைந்தார். உங்கள் முன்னோர் "அப்பா சொத்தில் பெயரே இல்லாதவர்" என்றால் உடனே மகன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இறந்த தேதியையும் அந்த ஆண்டின் சட்டத்தையும் பாருங்கள்.

பெயரைக் கண்டபடி எழுதியிருக்கிறார்களே?

குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். 1780இல் கேப்டன் வாங்கிய 400 ஏக்கருக்கான கருவூல வாரண்டில் (பணம் கட்டி நிலம் பெறும் உரிமைச் சீட்டு) அவர் பெயர் "ஆபிரகாம் லிங்க்ஹார்ன்". எழுத்தை மட்டும் வைத்துத் தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது.

பெயர் மாறுவதைவிடப் பெரிய தொல்லை ஒரே பெயர் இருவருக்கு இருப்பது. கேப்டனின் அப்பாவுக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி ஒருவர் இருந்தார். அவர் பெயரும் ஆபிரகாம் லிங்கன். சித்தப்பா முறை, வயதில் எட்டு வருடம்தான் மூத்தவர். அவர் பெர்க்ஸ் கவுண்டியிலேயே தங்கி, கென்டக்கிக்கு வழி திறந்த எல்லைப்புற முன்னோடி டேனியல் பூனின் பெரியப்பா சித்தப்பா வகைச் சகோதரி ஆன் பூனைக் கட்டிக்கொண்டார். பெர்க்ஸில் கிடைக்கும் "ஆபிரகாம் லிங்கன்" காகிதத்தைக் கேப்டன் தலையில் கட்டினால் கதை கெட்டது.

நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். ஒரு குடும்பத்துக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து ஜான் என்ற ஒருவரின் வாழ்க்கையை அழகாகக் கோர்த்தேன். கடைசியில் ஒரே ஆண்டில் ஒரே கவுண்டியின் வரிப் பட்டியலில் இரண்டு ஜான்கள், ஆளுக்கு ஒரு குதிரையோடு நின்றார்கள். அதுவரை எழுதியதில் எது எவருடையது என்று பிரிக்க இன்னொரு மாதம் ஆனது.

ராணுவ ஆவணம் எங்கே கிடைக்கும்?

தேசிய ஆவணக் காப்பகத்தில், வாஷிங்டனில். ஆனால் போர்த்துறை அலுவலகம் 1800 நவம்பரில் எரிந்தது. 1814இல் பிரிட்டிஷார் தலைநகரைக் கொளுத்தினார்கள். இன்று இருக்கும் சேவைப் பதிவுகள் பெரும்பாலும் மிச்சம் கிடைத்த வருகைப் பட்டியல்களையும் சம்பளத் தாள்களையும் பார்த்துப் பிற்பாடு தொகுத்தவை. மிலிஷியா பட்டியல்கள் பல மாநில நூலகங்களிலும் கவுண்டி நீதிமன்றக் கட்டுகளிலும்தான் கிடக்கின்றன.

உண்மையான புதையல் பென்ஷன் கோப்பு. 1818 சட்டம் வறுமையில் இருந்த கான்டினென்டல் வீரர்களுக்கு. 1832 ஜூன் 7 சட்டம்தான் மிலிஷியாக்காரர்களுக்கும் வழி திறந்தது: ஆறு மாதச் சேவை இருந்தால் போதும். எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் கவுண்டி நீதிமன்றத்தில் வந்து நின்று சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். நீதிபதி கேட்க வேண்டிய கேள்விகளை அரசே எழுதிக் கொடுத்திருந்தது. எங்கே, எந்த ஆண்டு பிறந்தாய்? வயதுக்கு ஆதாரம் உண்டா, எங்கே இருக்கிறது? படைக்குப் போகும்போது எங்கே குடியிருந்தாய், போருக்குப் பின் எங்கெங்கே இருந்தாய், இப்போது எங்கே?

மூன்றாவது கேள்விக்கான பதில்தான் நமக்கு வேண்டிய குடிபெயர்ச்சி முழுவதும், அதுவும் அந்த மனிதரின் வாயாலேயே. வயதுக்கு ஆதாரமாகக் குடும்ப பைபிளின் பிறப்பிறப்புத் தாளைக் கிழித்துக் கோப்பில் சேர்த்தவர்களும் உண்டு.

கோப்பு எண்ணுக்கு முன் "எஸ்" என்றால் உயிரோடு இருந்த வீரர், "டபிள்யூ" என்றால் விதவை, "ஆர்" என்றால் நிராகரிக்கப்பட்டது. "ஆர்" என்று பார்த்ததும் மூடிவிடாதீர்கள். முடியாது என்று சொல்லப்பட்டவர்தான் சாட்சிமேல் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவார். பல நேரம் அந்தக் கோப்புதான் தடிமனாக இருக்கும்.

எங்கள் ஆள் பென்ஷன் காலத்துக்கு முன்பே இறந்துவிட்டாரே?

கேப்டன் லிங்கனும் அப்படித்தான். 1786இல் போனவருக்கு 1832 சட்டத்தால் என்ன பயன்? இங்கேதான் நான் எல்லோருக்கும் சொல்வது: வீரரைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். போருக்கு ஒருவர் போனது சில மாதம். நிலத்துக்கு வாழ்நாள் முழுக்க வரி கட்டினார், விற்றார், வாங்கினார், வழக்காடினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் உண்டு.

புறப்பட்ட இடத்தில் ஒரு விற்பனைப் பத்திரம், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வாரண்ட். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு குடிபெயர்ச்சி நிரூபணம் ஆகும். கேப்டனுக்கு இரண்டும் ஒரே ஆண்டில் அமைந்தன. 1780இல் ராக்கிங்ஹாமின் லின்வில் ஓடை நிலத்தை விற்றார், அதே ஆண்டு கென்டக்கி வாரண்ட்.

அண்டை வீட்டாரையும் பாருங்கள். யாரும் தனியாகப் போகவில்லை. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், எல்லைக்கு அடுத்த நிலத்துக்காரர், மச்சான், சகலை எல்லோரும் ஏறக்குறைய ஒரே கூட்டமாக நகர்ந்தார்கள். பெர்க்ஸ் கவுண்டியில் லிங்கன்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் பூன் குடும்பத்தார். பிறகு இரு குடும்பமும் கென்டக்கியில். உங்கள் ஆள் காணாமல் போனால் அவர் பக்கத்து நிலத்துக்காரர் எங்கே போனார் என்று பாருங்கள், பாதி நேரம் இவரும் அங்கே இருப்பார்.

அரசு கொடுத்த மானிய நிலத்தில்தானே குடியேறியிருப்பார்?

இதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். சேவைக்குப் பதிலாக நிலம் என்று, புரட்சிக் காலத்தில் காலனிகளின் பொது மன்றமாக இருந்த கான்டினென்டல் காங்கிரஸ் 1776இலேயே அறிவித்தது: சாதாரண சிப்பாய்க்கு 100 ஏக்கர், கேப்டனுக்கு 300, கர்னலுக்கு 500. வர்ஜீனியா தனியாகக் கொடுத்தது. அதற்கென ஓஹையோவிலும் கென்டக்கியிலும் நிலப்பகுதிகளை ஒதுக்கியது. 1812 போர் வீரர்களுக்கு இலினாயில் 160 ஏக்கர் துண்டுகள். ஆனால் வாரண்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைத் தரகனிடம் காசுக்கு விற்றுவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஜனாதிபதி லிங்கனே இதற்குச் சாட்சி. பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிராக 1832இல் நடந்த போரில் அவரும் சில வாரம் மிலிஷியாவில் இருந்தார், அவரும் ஒரு கம்பெனிக்குக் கேப்டன். அதற்காக 1850 சட்டப்படி 40 ஏக்கரும் 1855 சட்டப்படி 120 ஏக்கரும் கிடைத்தன. இரண்டும் அயோவாவில். அந்தப் பட்டாக்களை மட்டும் பார்க்கிறவர் லிங்கன் குடும்பம் அயோவாவுக்குப் போனது என்று எழுதிவிடுவார்.

ஏன் மேற்கே, மேலும் மேற்கே என்று போய்க்கொண்டே இருந்தார்கள்?

சாகசம் என்று கதை எழுதுவார்கள். பத்திரங்களைப் பார்த்தால் வில்லங்கம்தான் காரணம்.

கென்டக்கியில் நிலத்தை அளந்து விற்கவில்லை, விற்றுவிட்டுத்தான் அளந்தார்கள். எல்லை என்பது நம் பழைய பத்திரத்தின் செக்குபந்தி மாதிரி: இந்த மேப்பிள் மரத்தில் தொடங்கி, கிழக்கே இத்தனை கோல் போய், ஓடை பிரியும் இடத்தில் திரும்பி… மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒருவர் நிலத்தின்மேல் இன்னொருவர் நிலம், அதன்மேல் மூன்றாமவர் நிலம், கூரை ஓடுகள் மாதிரி.

கேப்டனின் மகன் தாமஸ் கென்டக்கியில் மூன்று பண்ணை வாங்கினார். மூன்றிலும் சிக்கல். முதலாவதில் 238 ஏக்கர் என்று வாங்கியது விற்கும்போது 200 ஏக்கராகத்தான் கணக்கில் வந்தது. கடைசிப் பண்ணையான நாப் க்ரீக்கில் வெளியேறச் சொல்லி வழக்கே வந்தது. 1816 கடைசியில் ஓஹையோ நதியைத் தாண்டி இந்தியானா போனார். அடிமை முறை ஓரளவு காரணம், முக்கியக் காரணம் நிலப் பட்டாச் சிக்கல் என்று மகனே பிற்பாடு எழுதினார்.

நதிக்கு அந்தப் பக்கம் கதை வேறு. 1785 சட்டப்படி அரசே முதலில் சதுரம் சதுரமாக அளந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதில் 36 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 640 ஏக்கர். தாமஸ் 1817இல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் ஏக்கர் இரண்டு டாலர் வீதம் 160 ஏக்கர் பதிந்தார். பணம் முழுதாகக் கட்ட முடியாமல் பாதியை விட்டுவிட்டு, 1827இல் 80 ஏக்கருக்குப் பட்டா வாங்கினார். பிறகு 1830இல் இலினாய்.

எந்த வழியாகப் போனார்கள்?

பிலடெல்ஃபியாவிலிருந்து ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கும் பெரிய வண்டிப்பாதை. அங்கிருந்து கம்பர்லண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்கு 1775இல் பூன் வெட்டிய வனப்பாதை. அல்லது ஓஹையோ நதியில் தட்டைப் படகு. 1825க்குப் பின் நியூயார்க், நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கு ஈரி கால்வாய். வழி தெரிந்தால் நடுவில் எந்தக் கவுண்டிகளில் தேட வேண்டும் என்று தெரியும். பிள்ளை ஒன்று பிறந்ததோ இறந்ததோ அந்த நடுக் கவுண்டியில் இருக்கலாம்.

நீதிமன்றம் எரிந்துவிட்டது என்கிறார்கள். அவ்வளவுதானா?

"எரிந்துவிட்டது" என்றால் எது எரிந்தது, எது தப்பியது என்று கேளுங்கள். உள்நாட்டுப் போரில், 1864 ஜூனில், வடபகுதி ஜெனரல் ஹன்டரின் படை வந்தபோது ராக்கிங்ஹாம் கவுண்டி ஆவணங்களைப் பத்திரப்படுத்த வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வழியில் படை பிடித்து வண்டிக்குத் தீ வைத்தது. பாதி எரிந்த நிலையில் ஊரார் அணைத்து மீட்டார்கள். ஓரம் கருகிய அந்த ஏடுகளில் இன்றும் ஆள் தேடலாம்.

சில நேரம் எரியவே இல்லை. நாம் தேடுவது வேறு கவுண்டி. தாமஸ் லிங்கனுக்கும் நான்சி ஹாங்ஸுக்கும் முறைப்படி திருமணமே ஆகவில்லை என்று பல காலம் வதந்தி. தேடியவர்கள் அவர்கள் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் தேடினார்கள். கல்யாணம் 1806 ஜூன் 12 அன்று வாஷிங்டன் கவுண்டியில் நடந்திருந்தது. ஜனாதிபதி இறந்து பல ஆண்டு கழித்து அங்கேதான் திருமணப் பத்திரம் கிடைத்தது.

பெண்கள் வழியைத் தேட முடியாதா?

முடியும், பொறுமை இரட்டிப்பாக வேண்டும். கல்யாணத்தோடு பிறந்த வீட்டுப் பெயர் போய்விடும். கணவன் நிலம் விற்கும்போது மனைவிக்கு அதில் பங்குரிமை இருந்ததால் அவளைத் தனியாக விசாரித்துச் சம்மதம் எழுதுவார்கள். அவள் பெயர் தெரியும் ஒரே இடம் பல நேரம் அதுதான். அப்பா உயிலில் "மகள் இன்னாள், இன்னார் மனைவி" என்று வரும். இத்தனைக்கும் பிறகும் நான்சி ஹாங்ஸின் அப்பா யார் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை.

அவர்கள் "வாங்கிய" நிலம் யாருடையது?

இதைக் கேட்காமல் வரையும் மரம் பாதி மரம். கென்டக்கி ஷானி, செரோக்கி மக்களின் வேட்டை நிலம். 1768 ஸ்டான்விக்ஸ் உடன்படிக்கையில் இரோக்வாய் என்ற வேறொரு பூர்வகுடிக் கூட்டமைப்பு அதை பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே வேட்டையாடிய ஷானிகள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கேப்டன்மேல் பாய்ந்த குண்டு அந்தச் சண்டையின் தொடர்ச்சி. குடும்பக் கதைகளில் இது காரணமில்லாத கொலை போலவே வரும்.

உயில்களிலும் வரிப் பட்டியல்களிலும் குதிரைக்கும் மாட்டுக்கும் நடுவில் அடிமைகளின் பெயர்கள் வரும். அவற்றையும் குறித்து வையுங்கள். 1870க்கு முன் சென்சஸில் பெயரே இல்லாத அந்தக் குடும்பங்களின் சந்ததிக்கு உங்கள் தாத்தாவின் உயில்தான் ஒரே ஆதாரமாக இருக்கக்கூடும்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் எளிதாக முடியுமா?

காகிதத்துக்குத் துணை, மாற்று அல்ல. ஏழு தலைமுறைக்கு மேலே இருப்பவரிடமிருந்து சராசரியாக 128இல் ஒரு பங்குதான் வரும், சில சமயம் ஒன்றுமே வராது. அப்பா வழி நேர்கோட்டுக்கு ஒய் குரோமோசோம் சோதனை உதவும். இரண்டு ஜான்களைப் பிரிக்க நல்லது.

இணையத்தில் தயாராகக் கிடைக்கும் குடும்ப மரங்கள்?

குறிப்புக்கு எடுங்கள். ஒருவர் செய்த தப்பை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள், நூறு பேர் சொல்வதால் சரியாகத் தெரியும். புரட்சி வீரரின் வாரிசு என்று நிரூபித்துச் சேரும் புரட்சி வாரிசு மகளிர் சங்கத்தின் பழைய விண்ணப்பங்களும் அப்படித்தான்; ஆரம்ப காலத்தில் இவ்வளவு கண்டிப்பாக ஆதாரம் கேட்கவில்லை.

சென்னையில் உட்கார்ந்தபடியே செய்ய முடியுமா? செலவு?

பெரும்பகுதி முடியும், இலவசமாகவே. ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும். அங்கே பெயர் அட்டவணையில் சேராத கவுண்டி ஏடுகளும் படமாக இருக்கின்றன, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பென்ஷன் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில். அரசு நிலப் பட்டாக்கள் நில மேலாண்மைத் துறையின் தளத்தில். தாமஸ் லிங்கன் என்று போட்டுப் பழகிப் பாருங்கள். எல்லைப்புறக் கிழவர்களைத் தேடிப்போய் லைமன் டிரேப்பர் சேர்த்த கடிதங்களும் வாய்மொழிக் குறிப்புகளும் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. ஓஹையோ பள்ளத்தாக்குக் குடும்பம் என்றால் விடாதீர்கள்.

எதுவும் இணையத்தில் இல்லையென்றால் கவுண்டி குமாஸ்தாவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முழுக் கதையையும் எழுத வேண்டாம். பெயர், அதன் மூன்று எழுத்துவடிவங்கள், ஐந்து வருட இடைவெளி, எந்த ஏடு: இவ்வளவு போதும். முதலில் பெயர் அட்டவணைப் பக்கத்தின் நகலை மட்டும் கேளுங்கள். அதில் "லிங்க்ஹார்ன்" மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், பக்க எண்ணைக் குறித்து மறு கடிதம் போடலாம்.